வண்டியில வந்த கல்லு

எங்க வூட்டுக்காரரு இன்னா வேலை பண்றாருன்னு யாராச்சும் கேட்டா எனுக்கு பேஜாராப் பூடும். காலேஜில வேலைன்னா, வாத்தியாரான்னு கேப்பாங்க. இல்ல, கல்லு அறுக்கறாருன்னா ஒரு சிரிப்பு சிரிப்பாங்க பாரு, மூஞ்சில தண்ணிய ஊத்தலாம் போல இருக்கும். நாங்க இருக்கற ஊரு பேரு தான் பெருநகர், வெறும் கிராமம்; அங்க எங்க தெருவுல மங்கம்மான்னு ஒருத்தி, கல்லு அறுக்க இன்னாத்துக்கு பட்டணம் போவணும், இங்க கல்லே இல்லியான்னு கேட்டா. நானும் சும்மா உடல. உங்க வூட்டுக்காரரு அறுக்கற நெல்லுக் கதிரு இல்லடி அது, காயிதத்த வுட மெல்லிசா அறுக்கணும், முடிஞ்சா அவர வந்து அறுக்கச் சொல்லுன்னேன். அன்னியிலேர்ந்து அவ என் கூட அளவாத் தான் பேசறா.

மெய்யாலுமே காயிதத்த வுட மெல்லிசு. பட்டணத்துல பெரிய படிப்பு படிக்கிற எடத்துல ஜியாலஜி டிபார்ட்மெண்டுன்னு ஒண்ணு கீது. எந்த எடம்னு சொல்ல மாட்டேன், யாரு குடியையும் கெடுக்க நான் வரல. நம்ம கண்ணுக்கு எல்லாம் கருங்கல்லு. அவங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு கீது, ஒரு வயசு கீது. அத்த கண்டுபுடிக்கறதுக்கு கல்லுல ஒரு சில்லு வெட்டி, கண்ணாடித் தட்டுல பவுடரும் தண்ணியும் போட்டு, விரலால அழுத்திச் சுத்திச் சுத்தித் தேய்க்கணும். ஒரு பக்கம் வழவழன்னு ஆனதும் சின்னக் கண்ணாடித் துண்டுல பிசின் காய்ச்சி ஒட்டிட்டு, மறு பக்கம் தேய்க்கணும். நடுநடுவுல மைக்ராஸ்கோப்புல வெச்சிப் பாக்கணும். கல்லுக்குள்ள கீற மணி மஞ்சளாத் தெரிஞ்சா இன்னும் தேய்க்கணும், வெளுத்துப் போனா நிறுத்தணும். அதுக்கு மேல நாலு சுத்து சுத்தினா கல்லே இருக்காது, வெறும் கண்ணாடி தான் மிஞ்சும்.

இந்த வேலைக்கு அம்பத்தொண்ணுல சேந்தாரு. எட்டாவது வரைக்கும் தான் படிப்பு. பதினோரு வருஷம் தேய்ச்சதுல கையில ரேகையே போச்சி. ஒரு தபா கைரேகை பாக்கறவ வந்து, இவரு கைய திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, சாமி உனுக்கு தலையெழுத்து தான் பாக்கணும்னு சொல்லிட்டு போயிட்டா.

அங்க படிக்கிற புள்ளைங்களுக்கு எல்லாப் பக்கமும் வழி தெறந்து கீது. ஒருத்தன் எண்ணெய் தேடற எடத்துக்கு அஸ்ஸாம் போவான். ஒருத்தன் சர்வேல சேந்து கல்கத்தா போவான். ஒருத்தன் சுரங்கத்துக்குப் போவான். ஒண்ணும் கெடைக்கலன்னா இருக்கவே இருக்குது வாத்தியாரு வேலை. அத்தினி பேரும் எங்க வூட்டுக்காரரு தேய்ச்ச கல்லப் பாத்து தான் பரிட்சை எழுதினாங்க. அவருக்கு மட்டும் ஒரே வழி தான் இருந்தது, அட்டெண்டரா சேந்தா அட்டெண்டராவே சாவறது.

ஆனா அறுபத்திரெண்டுல அந்த வழி கொஞ்சம் தெறக்கறாப்புல இருந்தது. டெக்னிக்கல் அசிஸ்டெண்டுன்னு ஒரு போஸ்டு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. படிச்சிருக்கணும்னு சட்டம். டிபார்ட்மெண்டுக்குத் தலைவரு சுந்தரவரதன் சார், எங்க வூட்டுக்காரரு பேரச் சொல்லி, நம்ம சடையப்பனுக்கு அந்தப் படிப்பு வாணாம், கை வேலையே போதும்னு எழுதி மேல அனுப்பறேன்னாரு. நல்ல மனுஷன் தான், பொய் சொல்ல மாட்டேன். அந்தப் போஸ்டுக்கு காம்பவுண்டுக்குள்ளயே வூடு குடுப்பாங்க. எனுக்கு அந்த வூடு தான் குறி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் பெருநகர்ல, அவரு பட்டணத்துல. சனிக்கிழமை சாயங்காலம் வருவாரு, திங்கக்கிழமை மொத பஸ்ஸுல போவாரு. என் சின்னப் பையன் மூணு வயசு வரைக்கும், அவரு வந்து போற ஒரம்பரைன்னு தான் நெனச்சிக்கினு இருந்தான். நாலு பேரும் ஒரே வூட்டுல ஒண்ணா இருக்கணும், அவ்ளோ தான் நான் கேட்டது.

அந்த வருஷம் தாண்டவராயன்னு ஒரு பையன் அங்க டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணிக்கினு இருந்தான். சுந்தரவரதன் சாரு தான் அவனுக்கு வழிகாட்டி. உத்திரமேரூரு பக்கத்துல எந்த எடத்துல எந்தப் பாறை கீதுன்னு மேப்பு போடறது அவன் வேலை. ஒரு நாளு ஒரு சாக்கு நெறைய கருங்கல்லு கொண்டாந்து எங்க வூட்டுக்காரரு முன்னாடி கொட்டினான். காவாந்தண்டலத்துக்கு கெயக்கால, வயலுக்கு நடுவுல, ரெண்டு பர்லாங்கு நீளத்துக்கு கோடு போட்டாப்புல கருங்கல்லு நிக்குது, அது பூமிக்குள்ளேர்ந்து சுவரா எழும்பி வந்த பாறைன்னானாம். அப்பிடிப்பட்ட பாறை மண்ணுக்குள்ள போற தண்ணிய மறிச்சி நிறுத்துமாம். அதுக்கு மேக்கால கெணறு வெட்டினா கோடையில கூட தண்ணி நிக்குமாம். மேப்பு அதுக்குள்ள கெணறு வெட்டற கவுருமெண்டு ஆபீசுக்கே போயாச்சி, பட்டம் வந்ததும் அந்தப் பையனுக்கு அங்கயே வேலையும் தயார்.

இவரு கல்லத் திருப்பிப் பாத்தாரு. ஒரு கல்லு ஓரத்துல அரைவட்டமா ஒரு குழி இருந்தது. பாறைய பொளக்கறதுக்கு உளியால குழி போட்டு ஆப்பு எறக்குவாங்க இல்ல, அந்தக் குழி. பூமி தானா ஆப்பு வெச்சிக்கினு எழும்பி வருமா? அந்த சனிக்கிழமை சோத்துல கைய வெச்சிக்கினே என்னக் கேட்டாரு, உங்க ஊருல கெயக்கால வரிசையா கருங்கல்லு கீதே, அது இன்னா கல்லுன்னு.

நான் சிரிச்ச சிரிப்புல புள்ளைங்க பயந்துடுச்சிங்க. காவாந்தண்டலம் நான் பொறந்த ஊரு. எனுக்கு ஒம்பது வயசு இருக்கறப்ப, வெள்ளைக்காரன் பெரிய சண்டைய ஆரம்பிச்ச வருஷம், எங்க ஊரு பெரிய பண்ணைக்காரரு செய்யாத்துலேர்ந்து கால்வா கொண்டாறேன்னு கெளம்பினாரு. மணலு சரியாம இருக்க கரையோரமா கல்லு அடுக்கணும்னு, ஆத்துக்கு அந்தாண்டயிருந்து கட்டை வண்டியில கருங்கல்லு அடிச்சாங்க. அதுல ஒரு வண்டி எங்க நைனாவோடது. வண்டிக்காரங்களுக்கு கூழு கொண்டு போனது நான். பாதியில பண்ணைக்காரரு செத்துட்டாரு, புள்ளைங்க பங்குக்கு அடிச்சிக்கினாங்க, கால்வா வரவேயில்ல. கரை மண்ண ஆளாளுக்கு வயலுக்கு அள்ளிக்கினு போனாங்க. கல்லு மட்டும் வரிசையா பொதைஞ்சி நிக்குது. அத்தப் போயி பூமித்தாயி பெத்த பாறைன்னு சொன்னா சிரிக்காம இன்னா பண்றது?

இவரு சிரிக்கல. திங்கக்கிழமை போயி தாண்டவராயன் கிட்ட பதமாத் தான் சொன்னாரு. அவன், கல்லு அறுக்கறவரு கல்ல அறுங்க, மேப்பு நான் பாத்துக்கறேன்னுட்டான். அவனையும் முழுசா கொற சொல்ல மாட்டேன். நூறு ஊருக்கு மேப்பு போடச் சொல்லிட்டு ரெண்டு நாளைக்குத் தான் ஜீப்பு குடுத்தாங்களாம். ரோட்டுலேர்ந்து பாத்தான், வரிசையாத் தெரிஞ்சது, நாலு கல்லப் பொறுக்கிக்கினு கெளம்பிட்டான். ஊருல ஒரு வார்த்தை கேட்டிருந்தா, மாடு மேய்க்கிற புள்ளை கூட சொல்லியிருக்கும்.

அந்த டிபார்ட்மெண்டுல செக்‌ஷன் புக்குன்னு ஒரு தடி நோட்டு கீது. எந்தக் கல்ல அறுத்தாலும் நம்பரு, எங்கேர்ந்து வந்தது, யாரு அறுத்தாங்க, எல்லாத்தையும் அதுல எழுதிக் கையெழுத்து போடணும். அதுல எத்தையும் அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. தப்பா எழுதிட்டா குறுக்க ஒரே கோடு இழுத்து, கோடு இழுத்தவரு பக்கத்துல கையெழுத்து போடணும். புரொபசரா இருந்தாலும் அதான் சட்டம். அந்தப் புக்குல, இங்கிலீசு எழுத்துக்கு நடுவுல, எங்க வூட்டுக்காரரு தமிழ்ல எழுதினாரு: "இது அங்க வெளைஞ்ச கல்லு இல்ல. வண்டியில கொண்டாந்து போட்ட கல்லு. ஆப்புக் குழி கீது." கீய தன் கையெழுத்தும் தேதியும் போட்டாரு.

எழுதி நாலு மாசம் யாரும் பாக்கல. அப்பறம், தாண்டவராயன் ஆராய்ச்சிய பரிட்சை பண்றதுக்கு வெளி ராஜ்ஜியத்துலேர்ந்து ஒரு பெரியவரு வரப் போறாரு, புக்கையும் எடுத்து வைக்கணும்னப்ப தான் சுந்தரவரதன் சாரு கண்ணுல பட்டது. கூப்புட்டு அனுப்பினாரு. சடையப்பா, உனுக்கு எதுக்கு இந்த வம்பு, ஒரு கோடு இழுத்து கையெழுத்து போட்டுடுன்னாரு. இவரு, தப்பா எழுதியிருந்தா இழுக்கறேன் சார்னாரு. அவ்ளோ தான். மறுநாள்லேர்ந்து தேய்க்கற மேசை கெடையாது, மணி அடிக்கற வேலை. மணிக்கு ஒரு தபா மணி அடிக்கறதும், வாத்தியாருங்களுக்கு நாஷ்டா வாங்கிக்கினு வர்றதும். பதினோரு வருஷம் கல்லுத் தேய்ச்ச கைல இட்டிலிப் பொட்டலம். நான் பட்டணம் போயி அந்தாள நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்னு பொடவைய வரிஞ்சி கட்டிக்கினு நின்னேன். அவரு தான் கையப் புடிச்சி உக்கார வெச்சாரு.

இந்த விஷயம் எங்க அண்ணன் ராஜாராம் காதுக்குப் போச்சி. அண்ணன் நெலம் அந்தக் கல்லு வரிசைக்கு மேக்கால தான் கீது. கவுருமெண்டு வெட்டற கெணத்துல ஒண்ணு அவன் நெலத்துல வரும்னு ஆபீசு ஆளுங்க வந்து முளை கூட அடிச்சிட்டுப் போயிருந்தாங்க. அண்ணன் சைக்கிள ஒதைச்சிக்கினு பெருநகர் வந்தான். வாய மூடிக்கினு இரு பவளம், வர்ற கெணத்த கெடுக்காதேன்னான். எனுக்கு எங்கேர்ந்து தான் அவ்ளோ கோவம் வந்ததோ.

"நைனா மாட்ட ஓட்டிக்கினு வந்து போட்ட கல்லுடா அது. உனுக்குத் தெரியாதா? தண்ணி இல்லாத எடத்துல கெணறு வெட்டி இன்னா பண்ணுவே, உள்ள எறங்கித் தூங்குவியா?"

வெட்டினா தான தெரியும்னான். அவன் பக்கமும் நியாயம் இல்லன்னு சொல்ல முடியாது. ஏத்தம் எறைச்சி எறைச்சி தோளு காச்சிப் போன மனுஷன், கவுருமெண்டு குடுக்கறத வாணாம்னு சொல்லுவானா? குடிச்ச மோரு சொம்ப வெச்சிட்டு, கெணறு போச்சின்னா உனுக்கும் எனுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு சொல்லிட்டு கெளம்பிட்டான்.

ஒரு வாரம் கழிச்சி கார்டு வந்தது. எங்க வூட்டுக்காரரு ரெண்டே வரி எழுதியிருந்தாரு. பெரியவரு புக்குல கீற வரிய படிக்கச் சொல்லிக் கேட்டுட்டாரு, எடத்த பாக்கணும்னுட்டாரு, வியாழக்கிழமை எல்லாரும் வராங்க, என்ன வரக் கூடாதுன்னுட்டாங்க, நீ போ.

போனேன். ஜீப்புல சுந்தரவரதன் சாரு, தாண்டவராயன், வெள்ளைப் பேண்டு போட்ட அந்தப் பெரியவரு, மூணு பேரும் வந்து எறங்கினாங்க. ஊரே கூடிடுச்சி. பெரியவருக்கு அரைகொறத் தமிழு. இந்தக் கல்லு எப்பத்திலேர்ந்து இங்க கீதுன்னு கேட்டாரு. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து கீதுங்க சாமின்னு ஊரு பூரா ஒரே வாயா சொல்லிச்சி. கல்லு அடிச்ச வண்டிக்காரங்க ரெண்டு பேரு அந்தக் கூட்டத்துலயே நின்னாங்க, அவங்களும் தலைய ஆட்டினாங்க. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறதுன்னா இதான். எங்க அண்ணன் என்னயே மொறைச்சிக்கினு நின்னான்.

நான் முன்னாடி போயி, பொய்யிங்க, இது வண்டியில வந்த கல்லு, வண்டிக்காரங்களுக்கு கூழு ஊத்தினவ நான்னு சொன்னேன். ஊரு மொத்தமும் என்னத் திரும்பிப் பாத்தது. சுந்தரவரதன் சாரு பெரியவரு கிட்ட இங்கிலீசுல இன்னாவோ சொன்னாரு. சடையப்பன்ற பேரு மட்டும் எனுக்குப் புரிஞ்சது. புருஷனுக்காகப் பேசறான்னு சொல்லியிருப்பாரு. பெரியவரு என்னப் பாத்து, அம்மா, ஊரே ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்றே, நான் யாரத்தான் நம்பறதுன்னாரு. கேலியா இல்ல, மெய்யாவே கேட்டாரு.

"யாரையும் நம்ப வாணாங்க. பொரட்டிப் பாருங்க. பாறைன்னா பூமிக்குள்ள போவும். வெச்ச கல்லுன்னா கீய மண்ணு இருக்கும்."

படிச்சவங்க கையில சின்ன சுத்தி தான் இருந்தது. எங்க அண்ணன் வயலு வரப்புல ஒரு கடப்பாறை சாஞ்சி நின்னது. நானே போயி எடுத்தாந்தேன். ஒரு கல்ல சுத்தி மண்ணக் கொத்தி, அடியில கடப்பாறைய நுழைச்சி, முட்டுக்கு ஒரு கல்லு வெச்சி, மேல ஏறித் தொங்கினேன். அசையல. ஊருப் பொம்பளைங்க சிரிச்சாங்க. சிரிங்கடின்னு மனசுக்குள்ள வெச்சிக்கினு மறுபடியும் தொங்கினேன். ரெண்டு உள்ளங்கையும் கிழிஞ்சிடுச்சி. மூணாந்தபா தொங்கறப்ப யாரோ கடப்பாறைய என் கைலேர்ந்து புடுங்கினாங்க. பாத்தா எங்க அண்ணன். உனுக்கு ஒரு எயவும் தெரியல, தள்ளுன்னான். ஒரே நெம்பு. கல்லு பொரண்டுச்சி.

கீய மண்ணு. கால்வா மணலும் வயலு மண்ணும் கலந்த மண்ணு, அதுல பொரண்டுக்கினு நாலு மண்புழு. பெரியவரு வெள்ளைப் பேண்டோட மண்டி போட்டு கைய உட்டுப் பாத்தாரு. இன்னொண்ணு பொரட்டுன்னாரு. அண்ணன் வரிசையில தள்ளித் தள்ளி அஞ்சி கல்லு பொரட்டினான். அஞ்சுக்கும் அடியில மண்ணு. கடப்பாறைய வீசிப் போட்டுட்டு வூட்டுக்குப் போயிட்டான். முளைய மறுநாளு அவனே புடுங்கி எறிஞ்சானாம். அதுக்கப்பறம் அஞ்சி வருஷம் என் கூட பேசல. நான் அழுதேன், அதுல வெக்கம் இன்னா கீது. ஆனா கடப்பாறைய ஏன் புடுங்கினான்னு இன்னிய வரைக்கும் நான் கேக்கல, அவனும் சொல்லல.

தாண்டவராயன் மேப்ப மறுபடியும் போடச் சொல்லி திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு வருஷம் சைக்கிள்ல ஊரு ஊராச் சுத்தினான். இந்த தபா எல்லாரையும் கேட்டுக் கேட்டு எழுதினான், எங்க வூட்டு வாசல்ல கூட வந்து கேட்டான். பட்டம் வாங்கினான், இப்ப பெரிய ஆபீசரா கீறான். அவன் வழி அவனுக்குத் தெறந்துடுச்சி.

எங்க வூட்டுக்காரருக்கு தேய்க்கற மேசைய திருப்பிக் குடுத்தாங்க. போஸ்டுக்கான பைலும் மறுபடி மேசைக்கு வந்தது. சுந்தரவரதன் சாரு கூப்புட்டு சொன்னாராம். மேப்பு தான் சரியாயிடுச்சே, இனிமே அந்த வரி எதுக்கு? நாளைக்கு யாராச்சும் பொரட்டிப் பாத்தா டிபார்ட்மெண்டுக்குத் தான் அசிங்கம். கோட்ட இழுத்துடு, பைல்ல இன்னிக்கே கையெழுத்து போட்டுடறேன்.

சனிக்கிழமை வந்து சொன்னாரு. இத்த மறைக்க மாட்டேன்: இழுத்துட்டு வந்துடுன்னு நான் தான் சொன்னேன். கெணறு போச்சி, அண்ணன் போனான், பொறந்த ஊரே என்னக் கண்டா காறித் துப்புது, இனிமே அந்த வரியக் கட்டிக்கினு இன்னா பண்ணப் போறோம்? வூடு வருது, புள்ளைங்க அப்பன் கூட இருக்கும்னேன். எந்த அண்டாவ எடுத்துக்கினு போறது, எத்த மங்கம்மா கிட்ட உட்டுட்டுப் போறதுன்னு கூட கணக்கு போட்டுட்டேன். அவரு கேட்டுக்கினாரு, சாப்பிட்டாரு, திங்கக்கிழமை மொத பஸ்ஸுல போயிட்டாரு.

போனவரு சுந்தரவரதன் சாரு ரூமுக்கு செக்‌ஷன் புக்க எடுத்துக்கினு போயி, அந்தப் பக்கத்தப் பிரிச்சி மேசையில வெச்சாரு. பேனா மூடியக் கழட்டி சாரு கிட்ட நீட்டினாரு.

"எனுக்கு இது தப்புன்னு தோணல சார். உங்களுக்குத் தோணுச்சின்னா நீங்க கோடு இழுங்க. பக்கத்துல உங்க கையெழுத்தப் போடுங்க."

சாரு பேனாவ வாங்கினாராம். அப்பறம் பேனாவ மூடித் திருப்பிக் குடுத்துட்டாராம். பைலையும் மூடிட்டாரு.

அந்தப் போஸ்டுக்கு எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச ஒருத்தன் வந்தான். கல்லு தேய்க்க இவரு தான் அவனுக்குக் கத்துக் குடுத்தாரு. அவன் குடும்பம் அந்த வூட்டுல கீது. நான் ஒரு மாசம் இவரோட முகம் குடுத்துப் பேசல, சோத்தப் போட்டுட்டு அந்தாண்ட போயிடுவேன். அப்பறம் எப்ப கோவம் எறங்குச்சின்னு எனுக்கே தெரியல. இதோட ஆறு வருஷம் ஆவுது. அவரு இன்னும் அட்டெண்டரு தான். நான் இன்னும் பெருநகர்ல தான்.

போன மாசம் என் பொண்ணு சுலோச்சனா கேட்டா. பதிமூணு வயசு ஆவுது, எல்லாத்தையும் கேக்கறா. ஒரு கோடு தானேம்மா, அப்பா அத்த இழுத்திருந்தா நாமெல்லாம் பட்டணத்துல அந்த வூட்டுல ஒண்ணா இருந்திருப்போம் இல்லன்னா.

"இருந்திருப்போம்டி"ன்னேன். "ஆனா கோட்ட இழுத்துட்டு வந்த அந்தாளுக்கு நான் சோறு போட்டிருக்க மாட்டேன்."